டானியூப் கரை மணலில் ஒரு சேமக்காலை

சென்ற மாதம் ஆரணி என் வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வுபெறும்வரை வேலைபார்த்த நில ஆய்வு நிறுவனத்தில் என் கதிரையில் இப்போது இருப்பவள் அவள். லண்டனில் பிறந்த பிள்ளை, கெட்டிக்காரி. ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தவள் ஜக்கெட்டைக்கூடக் கழற்றாமல் மடிக்கணினியைத் திறந்து வானத்திலிருந்து எடுத்த ஒரு செய்மதிப் படத்தைக் காட்டினாள்.

"அன்ரி, இந்த வெள்ளைச் சதுரம் என்னெண்டு எனக்கு விளங்கேல்லை. கம்ப்யூட்டர் வெறும் மணல் எண்டுதான் சொல்லுது. ஆனா பாருங்கோ, நாலு பக்கமும் நேரா இருக்கு. பழைய பில்டிங் ஏதுமோ?"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். தெற்கு ருமேனியா. படத்தின் கீழ்ப்புறம் டானியூப் நதி. அதற்கு வடக்கே வெளிறிப்போன வயல்கள், கிராமத்தின் ஒற்றைத் தெரு, தெருவின் மேற்கு முனையில் அந்தச் சதுரம்.

"பில்டிங் இல்லைப் பிள்ளை. அது சேமக்காலை."

"அப்பிடியெண்டால்?"

"செத்த ஆக்களைப் புதைக்கிற இடம்." எங்கள் மன்னார்க் கத்தோலிக்கர் இடுகாட்டுக்குச் சொல்லும் சொல் அது. அவள் கேள்விப்பட்டதில்லை.

"ஆனா கல்லறை ஒண்டுமே தெரியேல்லையே அன்ரி?"

"முந்தி இருந்தது."

அவள் மடிக்கணினியை மூடினாள். பிறகு வந்த காரணத்தைச் சொன்னாள். அடுத்த வருடத்திலிருந்து அந்த மணற்பகுதிக்கு நிறுவனத்திலிருந்து ஒருவரும் போகத் தேவையில்லையாம். படத்தை வைத்தே எல்லாம் செய்துவிடலாமாம். "நீங்கள் எல்லாம் அங்க போய் என்ன செய்தனீங்கள் எண்டு புதுசா வந்த ஆக்கள் கேக்கினம். எழுதித் தாங்கோவன்" என்றாள்.

படத்தைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. படம் பொய் சொல்லவில்லை. அங்கே வெறும் மணல்தான் இருக்கிறது. அது எப்படி வெறும் மணலானது என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

விவசாய விஞ்ஞானம் படிக்கவென்று பல்கலைக்கழகம் போனவள் நான். படிப்பு பாதியில் நின்றது. ஏன் நின்றதென்று அந்தக் காலத்தில் லண்டன் வந்து சேர்ந்த எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. இங்கே முதலில் கிடைத்தது ஒரு மண் பரிசோதனைக்கூடத்தில் போத்தல் கழுவும் வேலை. பகலில் கழுவினேன், மாலையில் படித்தேன், இடையில் இரண்டு பிள்ளைகளைப் பெற்றேன், கடைசியில் பட்டத்தையும் பெற்றேன். பிறகு இந்தச் சிறிய நிறுவனம் என்னை மண் ஆய்வாளராக எடுத்தது. எடுத்தவர் ஹெலன்.

ஹெலன் வேல்ஸ் மலைப்பக்கத்தில் ஓர் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். உயரம், ஒல்லி. அளந்துதான் பேசுவார். ஒரு நிலத்தைப் பார்க்கப் போனால் முதல் வேலை குழி வெட்டுவது. கூலிக்கு ஆள் இருந்தாலும் முதல் மண்வெட்டி அவருடையதுதான். நெஞ்சளவு ஆழம் போனதும் உள்ளே இறங்கி ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் மெல்லமெல்லச் சீவுவார். மண்வெட்டி பட்ட தடம் ஒன்றும் அதில் மிஞ்சக் கூடாது. பிறகு அளவுநாடாவைத் தொங்கவிட்டுப் படம் எடுப்போம். நிறம் மாறும் இடமெல்லாம் கத்தி நுனியால் ஒரு கோடு. பிறகுதான் மாதிரி எடுப்பது, அதுவும் கீழேயிருந்து மேலே. மேலிருந்து தொடங்கினால் மேல்மண் கொட்டிக் கீழ்மண்ணோடு கலந்துவிடும். புதிதாக வந்தவர்கள் இதை மறந்துவிடுவார்கள். ஹெலன் ஏசமாட்டார். பையை வாங்கிக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வெறும் பையைத் திருப்பிக் கையில் கொடுப்பார். அதற்குப் பிறகு யாரும் மறந்ததில்லை.

இன்னொன்று. 'பாலைவனம்' என்ற சொல்லை அவர் எங்களை எழுதவிடமாட்டார். அறிக்கையில் கண்டால் சிவப்புப் பேனையால் அடித்துவிடுவார்.

"அது தீர்ப்பு, ரெஜினா. நாம் சாட்சி. என்ன கண்டாயோ அதை மட்டும் எழுது" என்பார்.

ஆனால் அவரைத் தவிர எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். என் கணவர் சேவியர் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் தடவை நான் ருமேனியாவுக்குப் பெட்டி கட்டியபோது கட்டிலில் இருந்துகொண்டு சிரித்தார்.

"ஐரோப்பாவில பாலைவனமோ? என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? ஒட்டகம் நிக்குதாமோ?"

அந்தக் கதையைக் கோயில் மண்டபத்திலும் போய்ச் சொல்லிவிட்டார். பூசை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் ஆள் மாறி ஆள் என்னிடம் ஒட்டகத்தைப் பற்றி விசாரித்தார்கள்.

ஒட்டகம் இல்லை. மணல் இருந்தது. டானியூப்பின் வடகரையில் ஆறு எப்போதோ கொண்டுவந்து போட்ட மணல், காற்றில் மேடுமேடாகக் குவிந்து கிடக்கும் பூமி. முன்னோர்கள் அதன்மேல் அகேசியா மரங்களை நட்டு மணலைக் கட்டிப்போட்டிருந்தார்கள். பிறகு வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி பெரிய பம்புகளை வைத்து ஆற்றுத் தண்ணீரை ஏற்றி, மேடுகளைத் தட்டையாக்கி, பீச்சும் திராட்சையும் போட்டது. அந்த ஆட்சி விழுந்ததும் நிலம் துண்டுதுண்டாகப் பழைய சொந்தக்காரரிடம் திரும்பிப் போனது. பம்புகள் நின்றன. இரும்பெல்லாம் கழன்று விலைக்குப் போனது. குளிர்காலத்துக்கு விறகு வேண்டும், மரங்கள் அடுப்புக்குப் போயின. கோடையோ வருடத்துக்கு வருடம் கடுமையானது. மணல் மறுபடி நடக்கத் தொடங்கியது.

நான் முதலில் அதைப் பார்த்தது ஒரு சித்திரை மாதம். காற்றில் வரும் மணல் முகத்தில் அடிக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் ஓடும். தூரத்திலிருந்து பார்த்தால் நிலத்தின்மேல் புகை படர்ந்து போவதுபோல் இருக்கும். ஆனால் அப்போதுதான் முளைத்து வரும் செடியின் உயரமும் அதுதான். அரத்தால் அராவியதுபோல் தண்டை அறுத்துவிடும். ஒரு பின்னேரத்தில் ஒரு வயல் முடிந்துபோகும்.

அந்த வயல் இலியேயினுடையது. வத்தகப்பழம், அதுதான் தர்ப்பூசணி, போடுகிறவர், அறுபதை நெருங்கியவர், வெயிலிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாதவர். அவருடைய மனைவி அனா வயலுக்குள் குனிந்து, வெட்டிய பிளாஸ்டிக் போத்தல் ஒவ்வொன்றை ஒவ்வொரு கன்றின்மேலும் கவிழ்த்து மூடிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய ஒரே மகள் மிஹேலா பள்ளியில் ஆங்கிலம் படித்தவள். அவளைத்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டோம்.

எங்களுக்குத் தந்த வேலை இதுதான்: மணலைத் தடுக்க மரவரிசைகளை மறுபடி நடப்போகிறார்கள், எங்கே நடவேண்டும் என்று சொல்லவேண்டும். ஹெலனும் நானும் அந்தப் பூமி முழுக்கக் குழி வெட்டினோம். எங்கே பழைய கருமண் அடியில் புதைந்து கிடக்கிறது, எங்கே ஒன்றுமே இல்லை என்று வரைபடம் போட்டுக் கொடுத்தோம். கன்றுகளுக்கு முதல் மூன்று கோடைக்கும் தண்ணீர் வேண்டும், அதற்கு வழியில்லையென்றால் நடவேண்டாம் என்று ஹெலன் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதினார்.

நட்டார்கள். தண்ணீருக்கான பகுதியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கோடை முடிவில் போய்க் கன்றுகளில் எவை உயிரோடு இருக்கின்றன என்று பார்ப்பது என் வேலையானது. இலையை நம்ப முடியாது, கோடை முடிவில் எல்லாமே காய்ந்துதான் இருக்கும். பெருவிரல் நகத்தால் பட்டையை இலேசாகச் சுரண்டவேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மண்ணிறம் என்றால் முடிந்தது. வரிசை வரிசையாகச் சுரண்டிக்கொண்டே போனேன். மண்ணிறம், மண்ணிறம், மண்ணிறம். இலியேயின் வயலோரம் போன வரிசை மட்டும் பச்சையாக இருந்தது. அவர் தன் கிணற்றுத் தண்ணீரைக் குதிரைவண்டியில் ஏற்றி அந்த வரிசைக்கு ஊற்றியிருந்தார். அனா எனக்கு முன்னால் போய்த் தானே நகத்தால் சுரண்டிப் பார்த்து, "வெர்தே" என்று சொல்லித் திரும்பிச் சிரித்தாள். பச்சை என்று அர்த்தம். அடுத்த கன்றிலும் வெர்தே. அதற்கடுத்ததிலும். அந்தப் பின்னேரம் ஹெலன்கூடச் சிரித்தார்.

மறுவருடம் கிணறு இறங்கிவிட்டது. குதிரைக்கும் வீட்டுக்குமே தண்ணீர் போதவில்லை. நான் போனபோது அனா முன்னால் போகவில்லை. வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுரண்டி முடித்துத் திரும்பி வரும்போது ஒரு தட்டில் பழம் வெட்டி வைத்திருந்தாள்.

திட்டத்தை நடத்தியவர்களிடமிருந்து ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அந்தக் கன்றுகளில் சிலவற்றை 'உறங்குநிலை' என்று போடலாமே, வேர் இன்னும் உயிரோடு இருக்கலாமே என்று தன்மையாகத்தான் கேட்டார். ஹெலன் காய்ந்த கன்று ஒன்றை மேசையில் வைத்தார்.

"நகம் இருக்கிறதா? சுரண்டிப் பாருங்கள்" என்றார்.

அவர் சுரண்டவில்லை. அடுத்த வேலையும் எங்களுக்குத் தரவில்லை. சில வருடங்கள் கழித்து வேறொருவர் மூலம்தான் அந்தப் பகுதிக்குத் திரும்பவும் போனோம்.

போனபோது அனா இல்லை. அதற்கு முந்திய குளிர்காலத்தில் நெஞ்சு நோவென்று படுத்தவள் எழும்பவில்லை. இலியே எங்களைப் பார்க்க வந்தார். வழக்கமாகக் கை கொடுத்துவிட்டு உடனே வானத்தைப் பற்றிப் பேசுவார். அன்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். மிஹேலா மொழிபெயர்க்கத் தொடங்கினாள்.

"அப்பா கேட்கிறார், உங்கள் கருவியெல்லாம் கையோடு இருக்கும்தானே என்று… அப்பா கேட்கிறார்…" அவள் நிறுத்திவிட்டாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்மா இருக்கிற இடம் நிற்குமா என்று."

கிராமத்துச் சேமக்காலை மணல் மேட்டில் இருந்தது. ஆறு பெருகினாலும் தண்ணீர் ஏறாத இடம் என்று அந்தக் காலத்தில் தேடித் தெரிந்தெடுத்தது அது. அதன் மேற்குப் பக்கத்து மரங்கள் யாரோ பட்டணத்துக்காரருக்குத் திரும்பிப் போன நிலத்தில் நின்றன. அவற்றையும் வெட்டிவிட்டார்கள். எங்கள் வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. விவசாய நிலம் இல்லை, ஆகவே அது எங்கள் வேலைக்குள் வராது. ஹெலன் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாளைக்கு ஞாயிறு. நாளைக்கு நாம் ஒருவருக்கும் வேலை செய்யவில்லை" என்றார்.

கோயில் முடிந்ததும் குருவானவரின் அனுமதியோடு போனோம். என் வேலை வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக வேறெங்கும் வேலை செய்ததில்லை. கல்லறைகளுக்கு இடையே நடைபாதையில் மட்டும் மண் துளைக்கும் கம்பியை இறக்கினோம். மேற்கு வரிசையில் சிலுவைகளின் சீமெந்து அடிக்கட்டைகள் வெளியே தெரிந்தன, ஈறு தேய்ந்து பல் நீண்டு தெரிவதுபோல. கம்பியை முறுக்கி இறக்குவேன், இழுப்பேன், ஹெலன் கையில் வாங்கித் தண்ணீர் விட்டு உருட்டிப் பார்ப்பார். கொஞ்சமாவது களிமண் இருந்தால் கையில் உருண்டு நிற்கும். நிற்கவில்லை. இன்னும் ஆழம் இறக்கினேன். நிற்கவில்லை. எங்கேயாவது அடியில் ஒரு கருமண் அடுக்கு அகப்படும் என்று நான் மனதுக்குள் மாதாவை மன்றாடிக்கொண்டே முறுக்கினேன். துளைக்கும் கம்பியோடு மன்றாடியது அன்றைக்குத்தான். மேலிருந்து அடிவரை ஒரே வெளிறிய மணல்.

ஊர்ச்சனம் வேலிக்கு வெளியே நின்றது. ஹெலன் கையைத் துடைத்துவிட்டு நேராக இலியேயிடம் போனார்.

"நிற்காது" என்றார்.

மிஹேலா சொன்னாள். இலியே ஏதோ கேட்டார்.

"எவ்வளவு காலம் என்று கேட்கிறார்."

"அது எனக்குத் தெரியாது. ஆனால் நிற்காது."

இதைவிட மென்மையாகச் சொல்லியிருக்கலாம் என்று திரும்பும் வழியில் காருக்குள் நான் சொன்னேன். ஹெலன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மென்மையாகச் சொன்னால் அவர் காத்திருப்பார். காத்திருக்க அங்கே நேரமில்லை."

செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் வந்தோம். ஆற்றுப் பள்ளத்திலிருந்து களிமண் கொண்டுவந்து மேலே பரப்பி மணலோடு கலந்து புல் விதைக்கவேண்டும். ஊரில் மிஞ்சியிருந்தவர்கள் எல்லோரும் செய்தார்கள். டிராக்டர் வைத்திருந்தவர் டிராக்டர் கொடுத்தார், மற்றவர்கள் வாளியில் சுமந்தார்கள். அடுத்த வசந்தத்தில் மிஹேலா எனக்கு ஒரு படம் அனுப்பினாள். சிலுவைகளைச் சுற்றி இளம் புல். சேவியருக்குக் காட்டினேன்.

"பார்த்தீரே, உங்கட வேலை பலிச்சிட்டுது" என்றார். அதற்குப் பிறகு அவர் ஒட்டகக் கதை சொன்னதில்லை.

அதற்கடுத்த வசந்தத்திலும் புல் நின்றது. நானும் நம்பத் தொடங்கிவிட்டேன்.

பிறகு மழையில்லாத ஒரு வருடம் வந்தது. குளிர்காலத்தில் பனியும் விழவில்லை, கோடையில் மழையும் இல்லை. புல் வேரோடு கருகியது. பரப்பிய களி வெடித்து ஓடுஓடாகக் கிளம்பி ஓரங்கள் சுருண்டன. இலையுதிர் காலத்துக் காற்று அந்த ஓடுகளுக்கு அடியில் புகுந்தது.

அதற்குள் மிஹேலாவும் ஊரை விட்டு வந்துவிட்டாள். ஊரில் இளவயதுக்காரர் எல்லோரும் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போனார்கள், இவள் லண்டனுக்கு வந்தாள். கிங்ஸ்பரியில் ஒரு கடைக்கு மேலே அறை, பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். அந்தக் கார்த்திகையில், செத்தவர்களுக்கான ஆத்துமாக்கள் திருநாள் பூசைக்கு நான் உடுத்துக்கொண்டிருந்தபோது அவள் போன் செய்தாள்.

"ரெஜினா, மேற்கு வரிசை திறந்துவிட்டது."

மேற்கு வரிசையில்தான் அனா இருந்தாள்.

அன்று பூசையில் எல்லோரும் தங்கள் தங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லி மன்றாடினார்கள். நான் அனாவின் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண் அது ஆர் என்று கேட்டாள்.

பக்கத்து ஊர் உயரமான திட்டில் இருந்தது, அங்கே மண் கெட்டி. அனாவையும் மற்றவர்களையும் எடுத்து மாற்றிப் புதைக்க அந்தச் சேமக்காலையில் இடம் தர ஒப்புக்கொண்டார்கள். ஹெலனுக்கு முழங்கால் முடியாமற் போய் ஓய்வுபெறும் வருடம் அது. கடைசி அறிக்கையை நான் எழுதினேன், அவர் திருத்தினார். அதில் ஓரிடத்தில் என்னையறியாமல் பாலைவனம் என்று எழுதிவிட்டிருந்தேன். திருத்தி வந்த தாளில் காற்புள்ளிகள்கூட மாறியிருந்தன. அந்தச் சொல் அடிபடாமல் இருந்தது. நான் அவருடைய அறைக்குப் போய்த் தாளை நீட்டினேன்.

"பார்த்தேன். அப்படியே விடு" என்றார்.

வசந்தத்தில் லீவு போட்டுவிட்டு மிஹேலாவோடு நானும் போனேன். காய்ந்த மணலில் குழி நிற்காது, தோண்டத் தோண்டச் சரிந்து நிரம்பிவிடும். முதல்நாளே கல்லறைகளைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கச் சொன்னேன். வெகு தூரத்திலிருந்து தாங்கி லொறியில் வந்த தண்ணீர். குடிக்கத் தண்ணீரில்லாத ஊரில் அதை மணலில் ஊற்றச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இரண்டு பக்கமும் பலகை கொடுத்து மெல்ல எடுத்தார்கள். அனாவுக்கு ஆழமாகத் தோண்டத் தேவைப்படவில்லை, காற்று ஏற்கெனவே பாதியைச் செய்து வைத்திருந்தது.

அந்த ஊர் வழக்கப்படி எலும்புகளைத் திராட்சை இரசத்தால் கழுவி வெள்ளைத் துணியில் சுற்றினார்கள். கழுவியது மிஹேலா. லண்டனில் நாள் முழுக்க முதியவர்களைக் குளிப்பாட்டுகிற கைகள் அவை. இலியே பக்கத்தில் முழந்தாளிட்டுக் குனிந்து ஏதோ சொன்னார். மிஹேலா மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. விமானத்தில் திரும்பி வரும்போது அவளாகவே சொன்னாள்.

"'பொறுத்துக்கொள், குளிரில் எழுப்பிவிட்டேன்' என்றார்."

அன்று எல்லோரையும் எடுக்கவில்லை. எடுக்க உறவு வேண்டும். குருவானவர் ஒவ்வொரு சிலுவையாகப் போய் நின்று பெயரை வாசித்தார். யாராவது வந்து நின்றால் அந்தக் கல்லறைக்கு அடையாளமாக ஒரு துணியைக் கட்டினார்கள். வராவிட்டால் கொஞ்சம் காத்து நின்றுவிட்டு அடுத்த சிலுவைக்குப் போனார். துணி கட்டாத சிலுவைகள்தான் கூட. அவர்களின் பிள்ளைகள் எந்தெந்த நாட்டிலோ அன்றைக்கு வேலைக்குப் போயிருப்பார்கள். அப்படி விட்டுவந்த பகுதிதான் ஆரணியின் படத்தில் தெரிந்த வெள்ளைச் சதுரம். சிலுவைகள் சாய்ந்து, சிலவற்றை மணல் மூடி, சிலவற்றை யாரோ எடுத்துப்போய், ஒன்றும் மிஞ்சவில்லை.

இலியே அந்த வருடமும் வத்தகக் கன்று போட்டார். போத்தல் கவிழ்க்க ஆளில்லை. ஒரே காற்றில் எல்லாம் போனது. குதிரையை விற்றார். மிஹேலா போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கிங்ஸ்பரி அறையில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. மகள் ஷிப்டுக்குப் போனால் ஜன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். சேவியரும் அப்போது ஓய்வுபெற்றிருந்தார். ஒருநாள் தாமாகவே போய் அவரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. இவருக்கு ருமேனிய மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சேவியர் தமிழில்தான் கதைப்பார்.

"அண்ணை, இதில இருங்கோ, முன்னுக்கு நல்லாத் தெரியும். நான் ஓடின ரூட் இது."

இலியே தலையாட்டுவார். டூட்டிங் வரைக்கும்கூட மாறி மாறிப் பஸ் பிடித்துப் போய்த் தோசை தின்றுவிட்டு வந்திருக்கிறார்கள். என்ன கதைத்தீர்கள் என்று ஒருநாள் கேட்டதற்கு, "அந்தாள் வழி முழுக்க மரங்களைத்தான் எண்ணிக்கொண்டு வாறார். இவ்வளவு மரத்துக்கும் ஆர் தண்ணி ஊத்துகினம் எண்டு கையால கேக்கிறார்" என்றார். "மழை எண்டு நான் மேல காட்டினன். அழுதிட்டார் மனுசன்."

இரண்டாவது குளிர்காலத்தில் அவருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. மணல் தூசியைச் சுவாசித்த நெஞ்சு என்று டாக்டர் சொன்னாராம். ஆஸ்பத்திரியில் மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: என்னை அம்மாவுக்குப் பக்கத்தில் வை.

அவர் கண்ணை மூடிய மறுநாள் மிஹேலா எங்கள் வீட்டுக்கு வந்தாள். குசினி மேசையில் என் எதிரே இருந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"கொண்டுபோக எல்லாம் கேட்டு வைத்திருக்கிறேன். அதற்கு முன் நீ ஒன்று சொல்லவேண்டும், ரெஜினா. அம்மா இப்போது இருக்கிற இடம். அது நிற்குமா?"

அவள் எந்தப் பதிலைக் கேட்க வந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. அந்தத் திட்டில் மண் கெட்டிதான். ஆனால் ஓய்வுபெறும் முன் கடைசித் தடவை போனபோது திட்டின் அடிவாரத்தில், முன்பு கோதுமை நின்ற இடத்தில், வெளிறிய மணல் நாக்குநாக்காக ஏறிக் கிடந்ததைக் கண்டிருந்தேன். வேலியோரம் குனிந்து கையில் எடுத்தும் பார்த்தேன். கீழே இருந்த அதே மணல்.

"உன் அப்பாவின் வயதுக்காரர் காலத்தில் ஒன்றும் ஆகாது" என்றேன்.

"என் காலத்தில்?"

நான் அவள் குடிக்காத கோப்பையைத் தள்ளி வைத்தேன். அவள் விடவில்லை.

"ரெஜினா. என் காலத்தில்?"

"மணல் அங்கேயும் வரும் என்றுதான் நினைக்கிறேன்."

அவள் தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டாள். வெகுநேரத்துக்குப் பிறகு நிமிர்ந்தாள்.

"அம்மாவை ஒரு தடவை என் கையால் கழுவினேன். இன்னொரு தடவை முடியாது. இரண்டு பேரையும் முடியவே முடியாது. எனக்குப் பிறகு அங்கே பெயர் வாசித்தால் வந்து நிற்க யார் இருக்கிறார்கள்?"

அவள் போனபின் சேவியர் குசினிக்குள் வந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாமே நீர்? மனுசன் பெண்சாதிக்குப் பக்கத்தில கிடந்திருப்பார்."

"நிக்காத இடத்தை நிக்கும் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"ஆர் போய்ப் பார்க்கப் போகினம்?"

நான் மிஹேலாவின் கோப்பையைக் கழுவினேன். நிலத்தைப் பற்றி உண்மை சொன்னால் யாருக்காவது உதவும் என்று நம்பித்தான் அத்தனை வருடமும் வேலை செய்தேன். ஹெலனும் அப்படித்தான். மரம் நடும்போது சொன்னோம், கேட்கவில்லை. சேமக்காலையைப் பற்றிச் சொன்னோம், கேட்டார்கள், செய்தார்கள், அதுவும் போதவில்லை. கடைசியாக ஒருத்தி நான் சொன்னதை அப்படியே நம்பினாள். அதனால் ஒரு புருசனும் பெண்சாதியும் கண்டத்தின் இரண்டு முனைகளில் கிடக்கிறார்கள்.

வடக்கு லண்டனில் ஒரு சேமக்காலையில் இலியேயை அடக்கம் செய்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. வந்தது ஐந்தாறு பேர். அவர்களுடைய குருவானவர் பாடினார், மிஹேலா அவித்த கோதுமையில் சர்க்கரை தூவி எல்லோருக்கும் ஒவ்வொரு கரண்டி கொடுத்தாள். குழியை முதல்நாளே இயந்திரத்தால் வெட்டியிருந்தார்கள். நான்கு பக்கமும் பலகையில்லாமல், வெட்டிய சவர்க்காரக் கட்டிபோலப் பளபளவென்று நின்றது. பக்கத்தில் குவித்திருந்த களி பாளம் பாளமாகக் கிடந்தது.

எல்லோரும் போனபின் மிஹேலா நடைபாதையின் கல் விளிம்பில் சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பாகம் முழுக்கக் களி. தேய்க்கத் தேய்க்க விடவில்லை.

"இந்த மண் எங்கேயும் போகாது, இல்லையா?" என்று கேட்டாள்.

"போகாது."

அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் குழிப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பாவும்" என்றாள்.